ப்ராசசர் 100% ஓடினால் கம்ப்யூட்டர் அளவுக்கு மீறிச் சூடாகுமா?

கேள்வி: படத்தொகுப்பு

டெஸ்க்டாப்தான். இன்டெல் ஐ5-12400 ப்ராசசர், ப்ராசசரோடு பெட்டியில் வந்த கூலர், 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஹேண்ட்பிரேக்கில் வீடியோ கன்வெர்ட் போட்டால் டாஸ்க் மேனேஜரில் சிபியு 100%-லேயே நிற்கிறது. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ புரோகிராமில் பார்த்தால் 98, 99, சில சமயம் 100 டிகிரி. ஃபேன் முழு வேகத்தில் இரைகிறது. 4 கிகாஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிற கோர்கள் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கொஞ்ச நேரத்தில் 2.9-க்கு இறங்கிவிடுகின்றன. எந்த வேலையும் இல்லாதபோது 50-52 டிகிரி. அறை வெப்பம் 30 இருக்கும்.

ப்ராசசரை இப்படி முழுசாக ஓட்டுவதே தப்பா? ஒரு ஃபைல் முடிய 40 நிமிஷம் ஆகிறது. அவ்வளவு நேரம் 100 டிகிரியில் கிடந்தால் கெட்டுப்போகுமா? நாலு கோர் மட்டும் பயன்படுத்தும்படி கட்டுப்படுத்தி வைத்துவிடலாமா? இரண்டு மாதம் முன்பு கேபினட் மாற்றும்போது கூலரைக் கழற்றி மாட்டியது தவிர உள்ளே வேறு எதையும் தொடவில்லை.

பதில்: நான்காம்கோர்

உடனே சூட்டைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் → ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட் → மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட். அங்கே 100-ஐ 99 ஆக்குங்கள். டர்போ (தேவைப்படும்போது தானாக வேகத்தை ஏற்றிக்கொள்ளும் வசதி) நின்றுவிடும், ப்ராசசர் அடிப்படை வேகத்துக்கு மேல் போகாது, சூடு கணிசமாகக் குறையும்.

பதில்: வெப்பக்குழாய்

99% வைத்தால் சூடு குறையும், உண்மை. ஆனால் 12400-ன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ். இப்போது கோளாறோடு கிடைக்கிற 2.9-ஐயும் இழந்துவிட்டு, கோளாறை அப்படியே விட்டுவைத்த மாதிரி ஆகிவிடும். அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

ப்ராசசர் எடுக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 60 வாட் எடுத்தால் 60 வாட் வெப்பம். அதனால் லோட் (வேலைப்பளு) ஏறினால் சூடு ஏறத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் 100% லோடில் மணிக்கணக்காக ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. 12400-க்கு இன்டெல் போட்டிருக்கிற கணக்கு: அடிப்படையாக 65 வாட், டர்போவில் உச்சமாக 117 வாட். பெட்டியில் வருகிற கூலர் 65 வாட்டைத் தாங்கும். எல்லாக் கோரும் ஓடும்போது 70-லிருந்து 80-ஐ ஒட்டி நிற்க வேண்டிய ப்ராசசர் 100-ஐத் தொடுகிறது என்றால், வெப்பம் வெளியேறுகிற வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. லோட் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

100 டிகிரி இந்த ப்ராசசரின் எல்லை. அதைத் தொட்டதும் தானாகவே வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் நீங்கள் 2.9 என்று பார்க்கிறீர்கள். ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் 'தெர்மல் த்ராட்லிங்' (சூட்டால் வேகத்தைக் குறைத்தல்) வரியில் 'யெஸ்' என்று வந்திருக்கும், பாருங்கள்.

எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க மூன்று விஷயம் வேண்டும். கன்வெர்ட் ஆரம்பித்த நொடியிலிருந்து 95-ஐத் தொட எத்தனை விநாடி ஆகிறது? 'சிபியு பேக்கேஜ் பவர்' எத்தனை வாட் காட்டுகிறது? 99 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்போது கூலரின் அலுமினியத் தகடுகளை ஓரமாக விரலால் தொட்டால் எவ்வளவு சூடு? ஃபேன் இறக்கையில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தொகுப்பு

பட்டனை அழுத்தி 2-3 விநாடிக்குள் 95-ஐத் தாண்டுகிறது. நிறுத்தினால் அதே வேகத்தில் 60-க்கு விழுகிறது. பேக்கேஜ் பவர் 44 வாட். தகடுகளைத் தொட்டால் வெதுவெதுப்புதான். இது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

பதில்: வெப்பக்குழாய்

அந்த வெதுவெதுப்பிலேயே விடை இருக்கிறது. சிப் 99-ல் கொதிக்கும்போது கூலர் வெதுவெதுப்பாக இருந்தால், வெப்பம் கூலருக்கு வந்தே சேரவில்லை. கூலரின் அடிப்பாகம் ப்ராசசர் மூடியில் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தத் தடவுகிற பேஸ்ட் சரியில்லை.

கணக்குப் போட்டாலும் அதே முடிவு. அறை 30, சிப் 100. 70 டிகிரி வித்தியாசத்தை 44 வாட்டால் வகுத்தால் ஒரு வாட்டுக்கு 1.6 டிகிரி. இந்தக் கூலர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அது 0.7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எந்தக் கம்ப்யூட்டருக்கும் இந்த வகுத்தலைச் செய்து பார்க்கலாம். வெறும் டிகிரியை மட்டும் பார்ப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் அறைச் சூடும் லோடும் மாறினாலும் இந்த எண் அவ்வளவாக மாறாது.

ஏறுகிற வேகமும் முக்கியம். சிப் ரொம்பச் சின்னது, வெப்பத்தைத் தேக்கி வைக்க அதில் இடமில்லை. கூலரோ கனமான உலோகம். தொடர்பு நன்றாக இருந்தால் லோட் போட்டதும் ஒரு சின்னத் தாவல், பிறகு அந்த உலோகம் சூடேறும்வரை சில நிமிஷத்துக்கு மெல்ல மெல்ல ஏற்றம். இரண்டு விநாடியில் உச்சிக்குப் போனால் தொடர்பில் கோளாறு (வாட்டர் கூலராக இருந்தால் பம்ப் நின்றிருக்கும்). பத்து நிமிஷம் எடுத்து மெதுவாக 95-க்குப் போனால் தூசி, நின்றுபோன ஃபேன், காற்று உள்ளே வர வழியில்லாத கேபினட் என்று தேட வேண்டும்.

கூலரை ஒருமுறை கழற்றி மாட்டியதாகச் சொல்கிறீர்கள். பழைய பேஸ்டைத் துடைக்காமல் அப்படியே மாட்டியிருந்தால், நடுவில் காற்றுக் குமிழ்கள் சிக்கியிருக்கும். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அடுத்த சந்தேகம் நான்கு மூலையிலும் இருக்கிற பிளாஸ்டிக் புஷ்-பின்கள். ஒன்று விட்டுப்போனாலே கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

இப்படிச் செய்யுங்கள். பத்து நிமிஷம் ஓட்டி பேஸ்டை இளக விட்டு, ஆஃப் செய்து, மின்கம்பியை உருவுங்கள். போர்டை வெளியே எடுத்துப் படுக்க வைத்துச் செய்வதே நல்லது. நிற்கிற கேபினட்டில் பின்னை அழுத்தினால் போர்டு வளையும், பின் பாதியில் நிற்கும். நான்கு பின்னையும் தலையில் உள்ள அம்புக்குறியின் திசையில் திருப்பி மேலே இழுங்கள். கூலரை நேராகப் பிடுங்காமல் இடவலமாக லேசாகத் திருகி எடுங்கள். பழைய பேஸ்டை இரண்டு பக்கமும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், 90%-க்கு மேல் இருக்கட்டும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டும். நூல் உதிராத துணி போதும். மூடியின் நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும், அழுத்தத்தில் அதுவே பரவிக்கொள்ளும்.

மாட்டும்முன் நான்கு பின் தலைகளையும் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பிறகு குறுக்காக இரண்டிரண்டாக, 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்: நான்கு துளையிலும் பிளாஸ்டிக் கால்கள் விரிந்து, நடுவில் கறுப்புக் குச்சி முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். ஃபேன் ஒயர் சிபியு ஃபேன் என்று எழுதிய 4 பின் இணைப்பில் இருக்கட்டும்.

பதில்: லேப்சர்வீஸ்

இதே சந்தேகத்தோடு லேப்டாப்காரர்களும் இங்கே வருவார்கள் என்பதால் ஒரு சேர்க்கை. லேப்டாப்பில் முழு லோடில் 90-95 என்பது பல மாடல்களில் வழக்கமானதே. ஒல்லியான உடம்பு, சின்ன ஃபேன். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி படிகிற தூசி. வெளியிலிருந்து காற்றடித்தால் அது போகாது, உள்ளேயே நகர்ந்து இன்னும் இறுகும். அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை விடுவித்து, ஃபேனை எடுத்துவிட்டுக் கையால் உரித்தெடுக்க வேண்டும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டினால் அடியில் காற்று உள்ளே வருகிற வழி மூடிக்கொள்ளும். பின்விளிம்பை இரண்டு சென்டிமீட்டர் தூக்கி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

படத்தொகுப்பு

கழற்றிப் பார்த்தேன். இரண்டு பின் போர்டின் பின்பக்கம் வெளியே வரவே இல்லை. மூடியில் பேஸ்ட் ஒரு பக்கம் காய்ந்த திட்டாகவும் மறுபக்கம் தொடாமலே பளபளப்பாகவும் இருந்தது. சொன்னபடி துடைத்து மாட்டியாயிற்று. இப்போது 30 நிமிஷ ஓட்டத்தில் 78 டிகிரி, 69 வாட், எல்லாக் கோரும் 4.0. மிக்க நன்றி. முன்பு 100-ல் ஓடியதால் ஏதாவது சேதம் ஆகியிருக்குமா?

பதில்: வெப்பக்குழாய்

78-லிருந்து அறையின் 30-ஐக் கழித்தால் 48. அதை 69-ஆல் வகுத்தால் 0.7. சரியாக உட்கார்ந்துவிட்டது.

ப்ராசசரைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லையைத் தாண்டாமல் அதுவே காத்துக்கொண்டது. த்ராட்லிங்கையும் மீறிச் சூடு ஏறியிருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து அணைந்திருக்கும். இனி எப்போதாவது 80 டிகிரிக்குள்ளேயே திடீரென்று அணைந்தால், ப்ராசசர் சூட்டை விட்டுவிட்டு பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். நீண்ட காலச் சூட்டில் முதலில் அடிபடுவது சிபியுவைவிடப் பக்கத்தில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள்தான்; 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு.

கோர்களைக் குறைக்க வேண்டாம். இன்னும் சூடு குறைய வேண்டுமென்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கிற போர்டின் செட்டிங்கில்) நீண்ட நேர பவர் வரம்பை 55 வாட்டுக்கு இறக்குங்கள். மின்செலவு வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. உதாரணத்துக்கு 4.0 கிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட்டிலிருந்து 3.0 கிகாஹெர்ட்ஸ் 1.0 வோல்ட்டுக்கு வந்தால், வேகம் கால்வாசிதான் குறையும், வெப்பமோ ஏறக்குறையப் பாதியாகும். அதனால் 10-15 வாட் இறக்கினால் நேரத்தில் பெரிய இழப்பு இருக்காது.

பதில்: நான்காம்கோர்

99% யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், இந்த மெஷினுக்கு அது பொருந்தாது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: டாஸ்க் மேனேஜரின் 100% என்பது கோர்கள் சும்மா இல்லை என்று மட்டும் சொல்கிறது. மெமரிக்காகக் காத்திருக்கும் புரோகிராமும் 100% காட்டும், ஏவிஎக்ஸ் (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும்) கட்டளைகளால் நிரம்பிய பிரைம்95 என்ற சோதனை புரோகிராமும் 100% காட்டும்; இரண்டாவது பல வாட் அதிகம் இழுக்கும். ஆகவே கூலரைச் சோதிக்க எப்போதும் ஒரே வேலையையே ஓட்டுங்கள். ஹேண்ட்பிரேக்கில் அதே ஃபைல், அதே செட்டிங், 20 நிமிஷம், கேபினட் பக்கமூடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை. மூடி போட்டால் 5 டிகிரிக்கு மேல் கூடுகிறது என்றால் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க ஒரு 120 மிமீ ஃபேன் சேர்ப்பது பயன் தரும்.