கரீபியன் குரூஸ்: முட்டி வலி உள்ள அம்மா, குமட்டல் வரும் அப்பா – எந்தப் படகுப் பயணம் சரிப்படும்?

பொருநைக்கரை:
வணக்கம். ஜனவரியில அம்மா அப்பாவை ஃபுளோரிடாவிலிருந்து ஒரு வாரக் குரூஸ் கூட்டிட்டுப் போறோம். கப்பல் நிக்கிற ஊர்கள்: ஜமைக்காவில ஃபால்மவுத், கிராண்ட் கேமன்ல ஜார்ஜ் டவுன், மெக்சிகோவில கொசுமெல். அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். சமதளத்துல மெதுவா நடப்பாங்க, படி இறங்குறதுதான் கஷ்டம். அப்பாவுக்கு 76. நடை நல்லா இருக்கு, ஆனா படகு ஆடினா வாந்தி வந்துடும். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது, தண்ணியில இறங்கவும் மாட்டாங்க. ஆனாலும் சின்னப் படகுல போய் மீன் பார்க்கணும்னு அம்மாவே ஆசைப்பட்டுக் கேட்டாங்க. கப்பல் கம்பெனி பட்டியல்ல கேட்டமரான் (ரெட்டை உடல் படகு), திருக்கை மீன் திட்டு, நீர்மூழ்கி, மூங்கில் தெப்பம்னு நிறைய இருக்கு. பாதிக்கு மேல 'ஈஸி'ன்னுதான் போட்டிருக்கான். எதை எடுக்கலாம்?

ஒர்லாண்டோ மீனா:
ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆன எங்க மாமியாரை இதே மூணு ஊருக்கும் கூட்டிட்டுப் போயிருக்கேன். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அந்த 'ஈஸி' எவ்வளவு நடக்கணும்ங்கிறதைத்தான் பெரும்பாலும் சொல்லுது. படகுல எப்படி ஏறணும், எப்படி இறங்கணும்னு சொல்றதில்லை. முட்டி வலிக்காரங்களுக்குச் சிரமமெல்லாம் அந்த ரெண்டு நிமிஷத்துலதான் இருக்கு. அதனால எதை புக் பண்ணினாலும் கப்பல்ல கரைச் சுற்றுலா புக் பண்ற எக்ஸ்கர்ஷன் கவுண்டர்ல போய்க் கேளுங்க: பலகையில நடந்து ஏறணுமா, ஏணியா? கைப்பிடி உண்டா? நிழல், கழிவறை உண்டா?

ஃபால்மவுத்ல யோசிக்கவே வேண்டாம், மார்த்தா பிரே ஆத்துத் தெப்பம்தான். கடல் கிடையாது, அலை கிடையாது, அதனால அப்பாவுக்கும் பயமில்லை. முப்பது அடி நீள மூங்கில் தெப்பம், ஒண்ணுல ரெண்டு பேர்தான், சாய்ஞ்சு உக்கார இருக்கை உண்டு. தெப்பக்காரர் கழி ஊன்றி மூணு மைல் தள்ளிட்டுப் போவார். ஒண்ணேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒகேனக்கல் பரிசல் மாதிரி சுத்தவே சுத்தாது. ரெண்டு பக்கமும் மரங்க, மூங்கில் புதர், பச்சைத் தண்ணி. என் மாமியார் வாயே திறக்காம ரசிச்சுக்கிட்டு வந்தாங்க. கரையிலிருந்து தாழ்வான தெப்பத்துல காலை வைக்கிற இடம் ஒண்ணுதான் கவனம். அங்க தெப்பக்காரரே கையைப் பிடிச்சு உக்கார வைப்பார். மூங்கில் இடுக்குல தண்ணி ஏறிப் பாதம் நனையும், பின்பட்டி வெச்ச ரப்பர் செருப்பு போட்டுவிடுங்க. கழிவறைக்கு ஏறுற இடத்துலேயே போயிட்டு வந்துடணும், நடுவுல வழியில்லை.

ஜார்ஜ் டவுன்ல பெரிய கப்பல் வந்து நிக்க மேடை இல்லை. கப்பல் தள்ளி நங்கூரம் போடும், டெண்டர்ங்கிற சின்னப் படகுலதான் கரைக்குப் போகணும். அலை இருக்கிற நாள்ல கப்பலுக்கும் படகுக்கும் நடுவுல இடைவெளி ஏறி இறங்கும். ரெண்டு பக்கமும் ஊழியர்கள் பிடிச்சுக்குவாங்க, ஆனா கால் எடுத்து வைக்கிறது அம்மாதானே. அன்னைக்குக் காலையில கடலைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

திருக்கைத் திட்டு ரொம்ப அழகான இடம், இடுப்பளவு தண்ணி. முன்னாடி மீனவர்கள் மீன் கழுவிக் கழிவைப் போட்டதால திருக்கைங்க அங்க கூட ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. ஆனா இறங்க ஏணிதான். இறங்காம மேலேயிருந்து பார்க்கவே அவ்வளவு தூரமான்னு எனக்குத் தோணுது.

நீர்மூழ்கி நூறு அடி ஆழம் வரைக்கும் போகும். அந்த ஆழத்துல ஆட்டமே இல்லை, அப்பா வயித்துக்கு அது நல்லது. ஆனா உள்ளே போறது செங்குத்து ஏணி, அம்மாவுக்கு ஆகவே ஆகாது. அம்மாவுக்கு செமி சப்மரீன் பாருங்க. அது முழுகாது, அடித்தட்டு மட்டும் தண்ணிக்குள்ள இருக்கும், சில படி இறங்கி ஜன்னலோரம் உக்காரலாம். அந்தப் படி எத்தனை, எவ்வளவு செங்குத்துன்னு கேட்டுக்கோங்க. துறைமுகத்துலேயே 'காலி'ன்னு ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கு, அரிசி ஏத்திட்டு வந்த கப்பல். அதுக்கு மேலதான் மீனுங்க கூட்டம் கூட்டமா திரியும்.

கொசுமெல்ல படகு வேண்டாம். கப்பல் நிக்கிற மேடையே நீளம், நடந்தே அம்மாவுக்குக் கால் வலிச்சிடும்.

ஸ்காபரோ ராசன்:
மீனா அக்கா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். என்ர ஐயாவுக்கும் கடல் ஒத்துவராது. செமி சப்மரீனுக்குள்ள கீழ இருந்து யன்னலுக்கால பாக்கேக்க அடிவானம் தெரியாது, படகு மெல்ல ஆடிக்கொண்டே போகும். குமட்டல் உள்ள ஆக்களுக்கு அது கூடாது. ஐயா பாதியில மேல்தட்டுக்கு வந்து காத்துப் பட்ட பிறகுதான் சுகமானவர். குளிசை போடுறதெண்டா புறப்பட ஒரு மணித்தியாலம் முன்னம் போடோணும். குமட்டலுக்குப் போடுற மெக்லிசின் குளிசை நித்திரை வரப்பண்ணும். கண் அழுத்தம், புரஸ்டேட் கரைச்சல் இருந்தா டொக்டரிட்டக் கேக்காமல் குடுக்காதேங்கோ. அதோட, ஜனவரியில வடக்குக் காத்து பலத்தா ஜார்ஜ் டவுனை விட்டிட்டுக் கப்பல் தெற்குப் பக்கம் ஸ்பொட்ஸுக்குப் போகும், இல்லாட்டி அந்த ஊருக்கே போகாது. கேமனில கப்பல் மூலமே புக் பண்ணுங்கோ, காசு திரும்பி வரும்.

பொருநைக்கரை:
ரொம்ப நன்றி அக்கா, ராசன் அண்ணா. அப்பாவுக்குப் புரஸ்டேட் மாத்திரை ஓடிட்டிருக்கு, நல்லவேளை சொன்னீங்க. ஃபால்மவுத்ல தெப்பம்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு சந்தேகம்: நாங்க நாலு பேர். அம்மா கூட நான் உக்காரவா, இல்ல அவங்க ரெண்டு பேரையும் ஒரே தெப்பத்துல விடலாமா?

ஒர்லாண்டோ மீனா:
ஒரே தெப்பத்துல விடுங்க. தெப்பக்காரர் கூடவே இருக்கார், லைஃப் ஜாக்கெட் கேட்டா கொடுப்பாங்க. நீங்க அடுத்த தெப்பத்துல பின்னாடியே வர்றோம்னு முன்கூட்டியே அவர்கிட்ட சொல்லிட்டா ரொம்ப தள்ளிப் போக மாட்டார். டிப்ஸுக்கு ஒரு டாலர், அஞ்சு டாலர் நோட்டா அப்பா சட்டைப் பையில கொடுத்து வைங்க. வழியில ஆத்தோரமா சாமான் விக்கிறவங்களும் இருப்பாங்க, அம்மா எதையாவது கேப்பாங்க.