புதுப்பிப்பு: எரிபொருள் குழாய்க்கு அலுமினியமே
வீட்டில் கட்டிவரும் ஆர்வி-9 விமானத்தின் எரிபொருள் குழாய் அலுமினியமா, ரப்பரா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு செய்துவிட்டேன். தொட்டியிலிருந்து, எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர் வரை 3/8 அங்குல 5052-ஓ (எளிதில் வளையும் கலவை வகை) அலுமினியம்; சுவருக்கு அப்பால், எஞ்சின் அதிரும் பகுதியில், தீக்காப்பு உறை போர்த்திய நெகிழ்குழாய்.

அலுமினியக் குழாயை இணைக்க அதன் முனையைப் புனல்போல் விரிக்க வேண்டும்; அதற்கு 37 பாகைக் கருவிதான் வேண்டும். கார் பட்டறைகளின் 45 பாகைக் கருவி வேண்டவே வேண்டாம். இணைப்பு சரியாக உட்காராது, கசியும். வெட்டிய விளிம்பின் பிசிறை நீக்கி, நட்டையும் ஸ்லீவையும் (விரிந்த வாயைத் தாங்கும் வளையம்) குழாயில் கோத்த பிறகே விரியுங்கள். விரிந்த வாயைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வெட்டி எறியுங்கள். இந்த இணைப்புகளில் டெஃப்லான் நாடாவும் கூடாது. அதன் துணுக்கு கார்புரேட்டரை அடைத்துவிடும்.

அடுத்தது, எஞ்சினுக்குப் போதிய எரிபொருள் வருகிறதா என்று பார்க்கும் ஓட்டச் சோதனை. பம்ப் உள்ள அமைப்பில், புறப்பாட்டின்போது எஞ்சின் குடிக்கும் அளவில் 125 சதவீதமாவது வர வேண்டும். மூக்கை ஏறுகோணத்தில் உயர்த்தி வைத்துத்தான் அளக்கப் போகிறேன்.