மறு: ஹாபிடபிலிட்டி – 'வசதி' வேண்டாம், 'தங்குதகவு' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். போர்க்கப்பல் வடிவமைப்பில் வரும் 'ஹாபிடபிலிட்டி' (habitability, கப்பல் ஆட்கள் இருக்க ஏற்றதாக இருக்கும் தன்மை) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை குடியிருப்பு வசதி, உறைதகவு, வாழ்தகவு, பாசறைத்தரம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஏன் என்று சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒன்று வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> "குடியிருப்பு வசதி" என்று போட்டால் எல்லாருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

புரியும் ஐயா. ஆனால் அந்த 'வசதி'தான் எனக்கு உறுத்துகிறது. வசதி என்றால் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம் என்ற பொருள் கூடவே வந்துவிடுகிறது. கையில் பணம் குறைந்தால் வீட்டிலும் முதலில் வெட்டுவது வசதியைத்தான். கப்பலில் மாலுமி படுக்கும் இடம், சாப்பிடும் இடம், கழிப்பறை, சத்தம், வெக்கை, அதிர்வு எல்லாம் சேர்ந்ததைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது, அது ரேடாரையும் ஏவுகணையையும் போலவே கப்பலின் சண்டைத் திறனில் ஒரு பகுதி. இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், 2017இல் நடந்த ஒரு விபத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொல்லே எனக்குத் தேவைப்பட்டது.

அந்த ஆண்டு ஜூன் 17, அதிகாலை ஒன்றரை மணி வாக்கில், ஜப்பானின் யோகோசுகாவிலிருந்து முந்தின நாள் கிளம்பியிருந்த ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல்மீது ஏசிஎக்ஸ் கிரிஸ்டல் என்ற கொள்கலன் கப்பல் மோதியது. கிரிஸ்டலின் முகப்பில் தண்ணீருக்கடியில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ், ஃபிட்ஸ்ஜெரால்டின் வலப்பக்கத்தை நீர்மட்டத்துக்குக் கீழே கிழித்தது. கிழிந்த தகட்டுக்குப் பின்னால் இருந்தது இரண்டாம் எண் படுக்கைக்கூடம். உள்ளே 35 பேர். மூன்றடுக்குப் படுக்கைகள், நம் ரயில் பெர்த் மாதிரி. ஒரு நிமிடத்துக்குள்ளேயே கூடம் நிரம்பியிருக்கும் என்று கடற்படையின் அறிக்கை கணக்குப் போடுகிறது. மூன்றாவது ஆள் ஏணியருகே வந்து சேர்வதற்குள் தண்ணீர் இடுப்பளவு. மெத்தைகளும் லாக்கர்களும் ஒரு உடற்பயிற்சி சைக்கிளும் மிதந்து வந்து நடைவழியில் குறுக்கிட்டன. 28 பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஏழு பேர் வரவில்லை.

அந்தச் சைக்கிள் வரும் வரியோடு அன்றைக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன். தூங்கும் இடத்தில் சைக்கிள் ஏன்? தூக்கம், துணிமணி, உடற்பயிற்சி எல்லாம் ஒரே கூடத்துக்குள் நடக்க வேண்டியிருக்கிறது, அதனால். இரண்டு மாதம் கழித்து ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல்மீது எண்ணெய்க் கப்பல் மோதியதில் இறந்த பத்துப் பேரும் படுக்கைக்கூடத்தில்தான் இறந்தார்கள்.

கூடம் ஏன் அவ்வளவு கீழே இருக்கிறது என்று கேட்டால் கப்பலின் மொத்தக் கணக்கும் வந்து நிற்கும். ரேடார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் தெரியும், அதனால் உச்சி அதற்கு. எடை மேலே ஏற ஏற, அலையில் சாய்ந்த கப்பல் நிமிர்வது கடினமாகும், ஆகவே மேல்தட்டுகளில் அறை அறையாக அடுக்கிக்கொண்டே போக முடியாது. நடுக்கப்பலில் ஆட்டம் குறைவு, தூங்க அதுதான் நல்ல இடம், ஆனால் எஞ்சினும் அங்கேதான் உட்கார வேண்டும். அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில், படுத்தால் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும். பின்னால் போனால் கப்பலைத் தள்ளும் சுழலியின் (ப்ரொப்பெல்லர்) இரைச்சல். எல்லாவற்றுக்கும் பங்கு பிரித்த பிறகு மிஞ்சும் இடத்தில்தான் பெரும்பாலும் ஆட்களைப் படுக்க வைக்கிறார்கள். வடிவமைப்பு என்றாலே கொடுக்கல் வாங்கல்தான், அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் 'வசதி குறைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு நகர்ந்தால், அந்த 35 பேர் எங்கே படுத்திருந்தார்கள் என்பது அந்த வாக்கியத்துக்குள் வரவே வராது.

தூக்கமும் இதே கணக்கில்தான் வருகிறது. சில மாலுமிகள் வாரத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் அந்த 2017இலேயே எழுதியது. விபத்துகளுக்குப் பிறகு, மாலுமிகள் மாறி மாறிக் காவல் பார்க்கும் நேரங்களை உடம்பின் பகல் இரவு ஓட்டத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்று கடற்படை உத்தரவு போட்டது. தூங்காதவன் கையில் சுக்கான் இருந்தால் எவ்வளவு நல்ல ரேடார் இருந்து என்ன?

> ஆளைக் குறைத்தால் இடம் தானாகக் கிடைத்துவிடுமே.

கிடைக்கும், ஆனால் அதற்கும் விலை உண்டு. அமெரிக்காவின் கரையோரப் போர்க்கப்பல் ஃப்ரீடத்தை 40 பேர் கொண்ட அடிப்படைக் குழுவுக்கு என்று வடிவமைத்தார்கள். 2013இல் அது சிங்கப்பூருக்குப் போவதற்கு முன்பே 20 படுக்கைகள் கூடுதலாகப் போட வேண்டிவந்தது. இருபது படுக்கை என்றால் இருபது மெத்தையோடு முடியாது. இருபது பேருக்குக் குடிநீர், சாப்பாட்டுச் சாமான், கழிவுநீர்த் தொட்டியில் கொள்ளளவு, ஏசிக்கு மின்சாரம், உயிர்காப்புத் தெப்பத்தில் ஆளுக்கு ஒரு இடம். பெரிய கப்பலிலும் கதை இதுதான். ஜெரால்டு ஆர். ஃபோர்டு விமானந்தாங்கியில் எந்தக் கழிப்பறையையும் ஆண் பெண் யாருக்கும் ஒதுக்கலாம் என்பதற்காக நின்று சிறுநீர் கழிக்கும் தொட்டிகளையே வைக்கவில்லை. நல்ல யோசனை. ஆனால் நாலாயிரம் பேருக்கு மேல் புழங்கும் அந்த வெற்றிடக் கழிப்பறைக் குழாய்கள் எதிர்பாராத வகையில் அடைத்துக்கொள்ள, அமிலம் விட்டுக் கழுவ ஒவ்வொரு முறையும் 4 லட்சம் டாலர் ஆகிறது என்று 2020 தணிக்கை அறிக்கை சொன்னது. கழிப்பறைக் குழாயின் அகலம்கூட நாம் பெயர் தேடும் இந்தப் பொருளுக்குள் அடக்கம்.

ஜெர்மானியர்களின் எஃப்125 ஃபிரிகேட் (ஒரு வகைப் போர்க்கப்பல்) தான் இதை நேர்மையாகக் கணக்கில் எடுத்த கப்பல் என்பது என் கருத்து. முந்தைய எஃப்122ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, ஆனால் குழு சுமார் 120 பேர், பழையதில் 200க்கு மேல். கப்பல் இரண்டு ஆண்டுவரை ஊர் திரும்பாமல் வெளியிலேயே இருக்கும், நாலு மாதத்துக்கு ஒருமுறை குழு மட்டும் மாறும். அப்படி இருக்க வேண்டுமானால் ஆட்கள் தங்குகிற மாதிரி அறைகள் இருந்தே ஆக வேண்டும், ஆகவே அது முதல் வரைபடத்திலேயே வந்துவிட்டது. பதிலுக்கு என்ன விட்டார்கள்? இவ்வளவு பெரிய கப்பலில் செங்குத்து ஏவுகணைக் குழாய்களே இல்லை என்ற விமர்சனம் இன்றுவரை இருக்கிறது. தவிர, 120 பேர் இருக்கும் கப்பலில் தீப்பிடித்தால் அணைக்க வருவதும் அந்த 120 பேர்தான். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே தராசின் ஒரு தட்டில் ஏவுகணையும் மறுதட்டில் படுக்கையும் சமமாக உட்கார்ந்திருக்கின்றன, சொல்லும் அந்தக் கனம் தாங்க வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

'உறைதகவு' கேட்க நன்றாக இருக்கிறது. உறைவிடம், உறைவிட மருத்துவர் எல்லாம் புழக்கத்தில் உண்டு என்ற வாதமும் சரி. ஆனால் அறிவியல் கட்டுரையில் உறைநிலை, உறைபனி என்று படித்துப் பழகியவருக்கு இது உறைந்துபோகும் தன்மை என்றுதான் முதலில் படும். 'பாசறை' தரைப்படைக்கு அழகாகப் பொருந்தும், கடலுக்கு இழுத்து வர வேண்டியதில்லை. அந்தப் பேச்சில் ஒரு நண்பர் நெடுநல்வாடையின் கடைசி அடிகளை நினைவுபடுத்தினார், நள்ளிரவிலும் 'பள்ளி கொள்ளான்' ஆகிப் பாசறையில் சுற்றிவரும் அரசன். பள்ளி என்றால் படுக்கை, தூக்கம். 'பள்ளித்தட்டு' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்குக் 'கடற்படைப் பள்ளி' என்று எழுதினால் யாரும் படுக்கையை நினைக்கமாட்டார்கள்.

'வாழ்தகவு' வலுவான சொல். நிகழ்தகவு என்று பள்ளிக் கணக்கிலேயே படித்திருப்பதால் '-தகவு' எல்லாருக்கும் பிடிபடும், 'தக்கார் தகவிலர்' குறள் வரைக்கும் வேரும் இருக்கிறது. எனக்கு இடிப்பது 'வாழ்'. ஒன்று, வேற்றுக்கோள்களில் உயிர் இருக்க முடியுமா என்று பேசுபவர்களுக்கு அது கண்டிப்பாக வேண்டும், அவர்களிடமே விட்டுவிடலாம். இரண்டு, மாலுமி கப்பலில் வாழ்வதில்லை. அவர் வாழ்வது கரையில், பெண்டாட்டி பிள்ளையோடு. கப்பலில் தங்குகிறார்.

இங்கேதான் என் முன்மொழிவு: தங்குதகவு.

> 'தங்கு' என்றால் லாட்ஜில் ஒரு ராத்திரி தங்குவது போல் ஆகிவிடாதா?

எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் வந்தது. பிறகு நம் கடற்கரையிலேயே பதில் இருப்பது உறைத்தது. போன அன்றே கரை திரும்பாமல் நாள்கணக்கில் கடலிலேயே இருந்து மீன் பிடிப்பதற்குத் தூத்துக்குடிப் பக்கம் 'தங்குகடல்' என்று பெயர், செய்தித்தாள்களிலும் அப்படியே எழுதுகிறார்கள். படகு போக்குவரத்துக்கான பொருளாக இல்லாமல் படுத்து எழும் இடமாக மாறும்போது அதற்குச் சொல் வேண்டும் என்று நமக்கு முன்பே தோன்றியிருக்கிறது, தோன்றிய சொல் 'தங்கு'.

கொச்சியில் ஒருமுறை கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களின் ஆழ்கடல் படகில் ஏறிப் பார்த்தேன். முப்பது, நாற்பது நாள் போய்வரும் படகு. சுக்கான் அறைக்குப் பின்னால் குனிந்து நுழையும் ஒரு அறை, இரு பக்கமும் பலகை அடித்து மேலும் கீழுமாகப் படுக்கும் இடம், விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை. ஆள் உருண்டு விழாமல் இருக்கவா என்று கேட்டேன். அங்கிருந்த அண்ணன், "விழறது ஒரு பக்கம், தூக்கம் கெட்டா நாளைக்கு வின்ச்ல கைய விடுவான்" என்றார். வின்ச் என்பது கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி. தங்குதகவு என்ற சொல்லுக்கு நான் எழுதக்கூடிய எந்த வரையறையும் இதைவிடச் சரியாக அமையாது.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கலாம். "சோவியத் டைஃபூன் வகை நீர்மூழ்கியில் சிறு நீச்சல்குளமும் நீராவிக் குளியலறையும் வைத்தது, மாதக்கணக்கில் பனிக்கடலுக்கு அடியில் இருக்க வேண்டிய கப்பலின் தங்குதகவுக்காக." இதிலேயே 'வசதிக்காக' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், ஆடம்பரம் போல ஆகிவிடும். இன்னொன்று: "2,300க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஐஎன்எஸ் விக்ராந்தில் தங்குதகவைக் கருதிப் பெண் அதிகாரிகளுக்கெனத் தனி அறைகள் அமைக்கப்பட்டன." இடறவில்லை. தங்குதகவுத் தரநிலை, தங்குதகவு ஆய்வு என்று கூட்டுச்சொல்லாக்கவும் தடையில்லை.

கூடவே இன்னொன்றையும் முடித்துவிடலாம். நீர்மூழ்கிகளில் மூன்று பேருக்கு இரண்டு படுக்கை கொடுத்து, ஒருவர் காவலுக்கு எழுந்து போனதும் அதே படுக்கையில் அடுத்தவர் படுப்பார். 'ஹாட் பங்கிங்' என்கிறார்கள், முந்தினவரின் உடற்சூடு ஆறாத படுக்கை. 'சூட்டுப் படுக்கை' என்ற பரிந்துரையைப் பார்த்தேன், அது ஏதோ வைத்தியம் போலத் தொனிக்கிறது. வாய்க்கால் தண்ணீரை முறைவைத்து விடுவதை முறைப்பாசனம் என்கிறோமே, அதே வழியில் 'முறைப்படுக்கை' போதும். படுக்கும் பலகைக்கு நான் புதுச்சொல் தேடவில்லை, பெர்த் என்பதே தமிழாகி நெடுநாளாயிற்று. 'படுக்கைக்கூடம்' மேலே நானாகப் போட்டது, யாரும் விளக்கம் கேட்காவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி. எதிர்ச்சொல் தேவைப்படும் இடங்களில் 'தங்குதகவின்மை' வாயில் நுழைய மறுக்கிறது. "தங்கத்தகாத கூடம்" என்று பெயரடையாக எழுதிச் சமாளிக்கிறேன், இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அப்புறம், கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். அந்தப் படகில் படுக்கைப் பலகையின் விளிம்பில் அடித்திருந்த கட்டைக்கு என்ன பெயர் என்று கேட்காமலேயே இறங்கிவிட்டேன். கப்பல் பெர்த்திலும் அதே கட்டை உண்டு. உங்கள் பக்கம் அதற்கு என்ன சொல்கிறார்கள்?

அன்புடன்