ஆண்கள் பந்தயம் எடின்பரோவுக்கு, பெண்கள் பந்தயம் லீட்ஸுக்கு: யார்க்‌ஷயருக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசா?

மேட்டுமிதி (லீட்ஸ்)

2027 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பற்றி இங்கே பலர் படித்திருப்பீர்கள். ஆண்கள் பந்தயமும் பெண்கள் பந்தயமும் ஒரே ஆண்டில் பிரிட்டனிலிருந்து தொடங்குகின்றன. ஆண்கள் ஜூலை 2 அன்று எடின்பரோவிலிருந்து கார்லைலுக்குப் போகிறார்கள். அடுத்த நாள் கெஸிக்கிலிருந்து லிவர்பூல், மூன்றாம் நாள் வெல்ஷ்பூலிலிருந்து கார்டிஃப். வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். லீட்ஸும் ஷெஃபீல்டும் இருக்கும் நம் யார்க்‌ஷயருக்குள் ஒரு மைல்கூட வரவில்லை. நமக்கு ஜூலை 30 அன்று பெண்கள் பந்தயம்: முதல் நாள் லீட்ஸிலிருந்து மான்செஸ்டர், மறுநாள் மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்ட், அதன்பின் லண்டன்.

எனக்கு மகிழ்ச்சிதான். விடுமுறை கேட்டு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் உள்ளே ஒரு குறை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 2014 ஜூலை 5 அன்று லீட்ஸ் டவுன் ஹால் வாசலில் 198 வீரர்கள் கிளம்பியதை நேரில் பார்த்தவன் நான். இந்த ஊர் அன்று திரண்ட விதத்தைப் பார்த்துத்தானே பிரிட்டனை மறுபடி தேடி வருகிறார்கள்? விருந்துக்கு இலை போட்டவர்கள் நாம், பந்தியில் உட்காருவது வேறு ஊர் என்றால் எப்படி? ஆறுதல் பரிசு என்றே தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

ஆர்தர் மேடு (எடின்பரோ)

பந்தியில் உட்கார்ந்தவன் பேசுகிறேன். சாப்பாடு அருமையாக இருக்கும் போலிருக்கிறது.

வார்ஃப் ஆற்றங்கரை (ஓட்லி)

மேட்டுமிதி, "ஆறுதல் பரிசு" என்ற சொல்லை ஓட்லியில் நின்று சொல்லிப் பாருங்கள். லிஸ்ஸி டீக்னன் பிறந்து வளர்ந்த ஊர் இது. 2015இல் உலக சாம்பியன். 2021இல் பெண்களுக்கு முதன்முதலாக பாரிஸ்-ரூபே பந்தயம் நடந்தபோது, மழையில் ஊறிய கருங்கல் பாதையில் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வென்றார். கைப்பிடியில் சுற்றியிருந்த நாடாவில் இரத்தம் ஒட்டியிருந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவருக்குக் கிடைத்த பரிசு 1,535 யூரோ. அதே வார இறுதியில் ஆண்கள் பந்தயத்தில் வென்றவருக்கு 30,000. இப்போது சொல்லுங்கள், ஆறுதல் பரிசு எது?

இன்னொன்று. நீங்கள் உருகி உருகிச் சொல்லும் 2014இல் பெண்களுக்கு டூர் டி பிரான்ஸே கிடையாது. பாரிஸில் கடைசி நாளன்று ஒரே ஒரு நாள் பந்தயம் நடத்தினார்கள், அவ்வளவுதான். முழுப் பந்தயமாக 2022இல்தான் திரும்ப வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் அது நம் வாசலுக்கு வருகிறது. எனக்கு இரவுப்பணி மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, மருத்துவமனையிலிருந்து நேரே சாலை ஓரத்துக்குத்தான் போவேன்.

மூலைக்கடை (ஸ்கிப்டன் பக்கம்)

ஆண்கள், பெண்கள் என்று நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் சாலையை மூடுவார்கள்.

2014 முதல் நாள் பந்தயம் ஓட்லி, இல்க்லி, ஸ்கிப்டன் வழியாக மேலே போனது. என் கடை அந்தச் சாலையில். இரண்டு மாதத்துக்கு முன்பே வந்து ஆசை காட்டினார்கள்: "மூன்று மாத வியாபாரம் ஒரே நாளில்." நம்பினேன். வழக்கத்தைப் போல ஆறு மடங்கு பாண், ஆறு மடங்கு பால். முட்டை சான்ட்விச்சை முதல் நாள் இரவு நானும் மனைவியும் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து சுற்றினோம். விடியற்காலையிலேயே சாலையை மூடிவிட்டார்கள். கார் நிறுத்த இடமில்லாததால் வழக்கமான வாடிக்கையாளர் ஒருவரும் வரவில்லை. வந்த சனம் முழுவதும் வீட்டிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தது. நாற்காலியும் கொண்டுவந்து என் வாசலையே மறித்துப் போட்டுக்கொண்டார்கள். உள்ளே வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: கழிவறை எங்கே?

பிறகு பந்தயம் வந்தது. கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வருவதற்குள் போய்விட்டது. மிச்சச் சான்ட்விச்சைத் திங்கட்கிழமை வரை நாங்களே தின்றோம்.

கணக்கன் (ஷெஃபீல்ட்)

மூலைக்கடை ஐயா சொல்வதைத்தான் நானும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். 2014இல் பந்தயம் இங்கே நடந்த இரண்டு நாளில் யார்க்‌ஷயர் சாலைகளில் 25 லட்சம் பேர் நின்றதாக அறிவித்தார்கள். டிக்கெட் இல்லை, வாசற்கதவு இல்லை. யார் எண்ணினார்கள்? காலையில் ஸ்கிப்டனிலும் மாலையில் ஹாரோகேட்டிலும் நின்றவர் ஒருவரா இருவரா? அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டுதான் ஒருவருக்கு இத்தனை பவுன் செலவழித்தார் என்று பெருக்கினார்கள்.

அதன் பிறகு வந்ததையும் பாருங்கள். டூர் டி யார்க்‌ஷயர் என்று 2015 முதல் ஆண்டுதோறும் ஒரு பந்தயம் நடந்தது. 2019க்குப் பிறகு அது நடக்கவே இல்லை. அதை நடத்திய சுற்றுலா முகமையையே 2022இல் மூடிவிட்டார்கள். 2019 செப்டம்பரில் உலக சாம்பியன் பந்தயம் ஹாரோகேட்டுக்கு வந்தது. வாரத்தில் பல நாள் மழை. ஸ்ட்ரே என்ற அந்தப் பெரிய புல்வெளி உழுத வயல் போல ஆனது. பல தலைமுறையாகப் பேணி வந்த புல் அது. பந்தயக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், சேறு ஊர்க்காரர்களுக்கு.

மேட்டுமிதி (லீட்ஸ்)

கணக்கன், அந்த மழையில் நானும் நின்றேன். வெள்ளத்தால் பாதையையே வெட்டி, பட்டர்டப்ஸ் ஏற்றத்தை நீக்கிவிட்டார்கள். மாட்ஸ் பெடர்சன் வென்றபோது என் விரல்கள் விறைத்து, கைதட்டக்கூட முடியவில்லை. புல்வெளி பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். அது ஏற்பாட்டுப் பிழை. அந்தப் பிழையைச் சுட்டி, இனி எதுவுமே வேண்டாம் என்பது கூரை ஒழுகுகிறது என்று வீட்டை விற்பதைப் போன்றது.

மூலைக்கடை அண்ணா, கோபிக்க வேண்டாம். நீங்கள் நின்ற இடம் தவறு. சமதளத்தில் அவர்கள் மணிக்கு 45, 50 கிலோமீட்டரில் ஒரே திரளாகப் போவார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர்களுக்கு உழைப்பு மிச்சம், அதனால்தான் அந்த நெருக்கம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மேட்டில் நிற்க வேண்டும். மேட்டில் வேகம் குறைந்தால் காற்றின் உதவியும் குறையும், கூட்டம் நூல் பிரிவது போலப் பிரியும். ஒவ்வொரு முகமாகக் கடந்து போகும். வாய் பிளந்திருக்கும், மூக்கு நுனியில் வியர்வைத்துளி தொங்கும், சங்கிலி பல்மாறும் சத்தம் கேட்கும். அன்று நான் லீட்ஸில் கிளம்புவதைப் பார்த்தேனே தவிர, பட்டர்டப்ஸில் நின்ற என் நண்பன்தான் கொடுத்து வைத்தவன். யென்ஸ் ஃபோய்ட், வயது 42, தனியாக முன்னால் வந்தாராம். சாலையே தெரியாத அளவுக்குச் சனம். ஒரு வண்டி நுழையும் அகலத்துக்கு மட்டும் விலகி, அவர் போனதும் மூடிக்கொண்டதாம்.

வார்ஃப் ஆற்றங்கரை (ஓட்லி)

மூலைக்கடை அண்ணா, ஒன்று கேட்கிறேன். சான்ட்விச் கதையைச் சொன்னீர்கள், சரி. அன்று மதியத்துக்குள் உங்கள் கடையில் தண்ணீர்ப் போத்தலும் ஐஸ்கிரீமும் ஒன்றுகூட மிச்சமில்லை என்று கோயில் திருவிழாவில் என் வீட்டுக்காரரிடம் சொன்னது யார்?

மூலைக்கடை (ஸ்கிப்டன் பக்கம்)

தங்கச்சி, அது வெயிலின் வியாபாரம். பந்தயம் இல்லாவிட்டாலும் அந்த வெயிலுக்கு ஐஸ்கிரீம் விற்றிருக்கும்.

நான் சைக்கிளின் எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக்காரனிடம் சைக்கிளின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை. நெல் மூட்டை, விறகு, பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் சைக்கிளில்தான் போயின. மின்சாரம் கிடையாது, பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டோம். சுற்றுகிறவன் கை சளைத்தால் செய்தி வாசிப்பவர் குரலும் சளைக்கும். அப்படிப்பட்ட சாமானை நான் வெறுப்பேனா? சைக்கிள் என்றால் வேலை. ஆயிரக்கணக்கான பவுன் விலையில் ஒன்றைச் செய்து, அதைச் சுமக்க இன்னொரு காரும் பின்னால் வருவதைத்தான் என்னால் ரசிக்க முடியவில்லை.

ஆர்தர் மேடு (எடின்பரோ)

ரேடியோ செய்தி இந்த இழையின் எல்லாப் பதிவுகளையும் விட நன்றாக இருக்கிறது.

கணக்கன் (ஷெஃபீல்ட்)

பெண்கள் பந்தயம் பற்றி ஒரு நேர்மையான ஐயம். அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்கள் பந்தயத்துக்கு வந்த கூட்டம் இதற்கும் வருமா? வராவிட்டால் செலவு மட்டும் அதே செலவு. போலீஸ், தடுப்பு, துப்புரவு எதிலும் பாதி விலை கிடையாது.

வார்ஃப் ஆற்றங்கரை (ஓட்லி)

ஐயத்துக்கு நன்றி. பதிலும் நேர்மையாகவே தருகிறேன்.

2024 பெண்கள் பந்தயம் எட்டுக் கட்டங்கள். கடைசி நாள் ஆல்ப் டியுவேஸ் மலை. அத்தனை நாள் ஓட்டி முடித்தபின் முதலிடம் பெற்ற காசியா நியவியதோமாவுக்கும் இரண்டாமிடம் பெற்ற டெமி ஃபொலரிங்குக்கும் இருந்த இடைவெளி 4 விநாடி. நான்கு. ஃபொலரிங் அன்றைய மலைக் கட்டத்தை வென்றுவிட்டு, மொத்த நேரத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டை கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்கள் பந்தயத்தில் இதைவிடக் குறைந்த இடைவெளியில் முடிந்தது என்று ஒன்றைக் காட்டுங்கள்.

நீங்கள் சொன்ன அதே ஹாரோகேட், அதே 2019. பெண்கள் சாலைப் பந்தயத்தில் அனமீக் ஃபான் ஃப்ளூட்டன் முடிவுக்கோட்டுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே தனியாகக் கிளம்பினார். பைத்தியம் என்றோம். கடைசி வரை யாரும் பிடிக்கவில்லை. மறுநாள் ஆண்கள் பந்தயத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார் மேட்டுமிதி!

இந்த மண்ணுக்கே வருகிறேன். லீட்ஸை ஒட்டிய மார்லியில் வாழ்ந்தவர் பெரில் பர்ட்டன். ருபார்ப் பண்ணையில் கூலி வேலை, மிச்ச நேரத்தில் சைக்கிள். 1967இல் 12 மணி நேரப் பந்தயம் ஒன்றில் 277.25 மைல் ஓட்டினார். அன்றைக்கு அது ஆண்களின் சாதனையையும் மிஞ்சிய தூரம். ஆண்களில் முன்னணியில் இருந்த மைக் மெக்னமாராவைக் கடக்கும்போது, பாவம் என்று தோன்றியதோ என்னவோ, சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு முறை சாலைப் பந்தயத்திலும் ஐந்து முறை வட்ட ஓடுதளப் பந்தயத்திலும் உலக சாம்பியனான அந்த அம்மாவுக்கு ஓட ஒரு டூர் டி பிரான்ஸ் இல்லை. ஒலிம்பிக்ஸிலும் பெண்கள் சைக்கிள் 1984 வரை கிடையாது. 1996இல் சைக்கிளில் போகும்போதே சாலையில் விழுந்து இறந்தார். அவர் ஊரிலிருந்து இந்தப் பந்தயம் தொடங்குகிறது, கணக்கன். கூட்டம் வருமா என்று கேட்கிறீர்கள். நான் மூன்று கார் நிறையப் பெண்களை அழைத்து வருகிறேன். அதை முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

மேட்டுமிதி (லீட்ஸ்)

தலைப்பை மாற்ற வசதியிருந்தால் மாற்றியிருப்பேன். ஃபான் ஃப்ளூட்டன் கடந்ததையும் அன்று பார்த்தவன்தான். அடுத்த நாள் நனைந்ததில் அது கரைந்துபோயிற்று. தவறு என்னுடையது.

ஆனாலும் ஆண்கள் பந்தயம் ஒரு கட்டமாவது இங்கே வந்திருக்கலாம் என்ற ஆசை போகவில்லை. டாம் பிட்காக் லீட்ஸ் பையன். 2022இல் ஆல்ப் டியுவேஸில் வென்றவன் சொந்த ஊரில் ஓடினால் எப்படி இருக்கும்! 2014இல் பிரிட்டன் வீரர் மார்க் கேவெண்டிஷ் தன் அம்மாவின் ஊரான ஹாரோகேட்டில் மஞ்சள் சட்டை வாங்கப்போகிறார் என்று ஊரே காத்திருந்து, கடைசி சில நூறு மீட்டரில் விழுந்து தோள் பிசகியதே, அந்தக் கடன் இன்னும் அடையவில்லை.

கணக்கன் (ஷெஃபீல்ட்)

4 விநாடி தெரியாது எனக்கு. தேடிப் பார்த்தேன், 1989இல் ஆண்கள் பந்தயம் 8 விநாடியில் முடிந்திருக்கிறது. அதுதான் அங்கே மிகக் குறைவு. ஒப்புக்கொள்கிறேன்.

செலவுக் கணக்கு பற்றிய என் கேள்வியில் மாற்றமில்லை. போட்ட பணம், வந்த பணம் இரண்டையும் பந்தயம் முடிந்தபின் மாநகராட்சி ஒரே தாளில் வெளியிட வேண்டும். ஏற்பாட்டாளர்களே எழுதிய அறிக்கை வேண்டாம். அதைக் கேட்டு நான் மனு எழுதப்போகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் பந்தயம் பார்க்கவும் வரலாம், இரண்டுக்கும் பகை இல்லை. ஷெஃபீல்டில் ஜென்கின் சாலை ஏற்றம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். 2014இல் 33 சதவீதச் சரிவு என்று பயமுறுத்தினார்கள். பாதை முழுவதும் இந்த முறை எப்படிப் போகும் என்று தெரிந்தபின் இடம் சொல்கிறேன்.

வார்ஃப் ஆற்றங்கரை (ஓட்லி)

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. கழிவறை பற்றியும் ஒரு வரி சேருங்கள். மூலைக்கடை அண்ணாவின் துயரம் மறுபடி வரக்கூடாது.

மூலைக்கடை (ஸ்கிப்டன் பக்கம்)

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று குழாய் அடைத்துக்கொண்டதற்கு நான் கொடுத்த கூலி எனக்குத்தான் தெரியும்.

ருபார்ப் பண்ணைப் பெண் வேலை முடித்துவிட்டு ஓட்டினார் என்றீர்கள். அது என் கணக்கில் சரியாக வருகிறது. மற்றதில் நான் மாறவில்லை. அடுத்த ஆண்டு யாராவது வந்து "மூன்று மாத வியாபாரம்" என்றால் வாசலிலேயே அனுப்பிவிடுவேன்.

ஒரு விஷயம். 2014இல் வழிநெடுக மஞ்சள் சைக்கிள் தொங்கவிட்டார்களே, எங்கள் கடை முகப்பிலும் ஒன்று இருந்தது. என் பழைய சைக்கிள்தான். இன்னும் பின்கட்டில் கிடக்கிறது. பெயின்ட் அடித்த பையன் சங்கிலி, மிதி, மணி எதையும் விடாமல் சேர்த்து அடித்துவிட்டான், அதனால் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. யாருக்காவது வேண்டுமா?

வார்ஃப் ஆற்றங்கரை (ஓட்லி)

எனக்கு! எங்கள் வேலியில் தொங்கவிடுகிறேன். சனிக்கிழமை வரட்டுமா?

மூலைக்கடை (ஸ்கிப்டன் பக்கம்)

மதியத்துக்குப் பிறகு வாருங்கள். காலையில் பாண் வரும் நேரம். காரில் ஏறாது, வான் கொண்டுவாருங்கள்.