மறு: தொகுதிப்பணிகளில் டிஃபால்ட்: ‘நிரப்புமதிப்பு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். பல கணினிகளை இணைத்த கணினிக்கொத்துக்கு நாம் அனுப்பிவிட்டு, முறை வரும்போது தானாக ஓடும் வேலைகளைத்தான் ‘தொகுதிப்பணி’ என்கிறேன். அதில் பயனர் எதையாவது குறிப்பிடாமல் விட்டால் கொள்ளப்படும் ‘டிஃபால்ட்’ மதிப்பை நம் கையேட்டில் ‘நிரப்புமதிப்பு’ எனலாமா என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

> ‘முன்னிருப்பு’ லினக்ஸ் மொழிபெயர்ப்புகளில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. கணினிக்கொத்துக் கையேட்டுக்கு மட்டும் வேறு சொல் எதற்கு?

அக்கா, மேசைக்கணினியில் அது இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு மறுப்பில்லை. கொத்தில்தான் இடிக்கிறது. நம் மாணவர்கள் பயன்படுத்தும் கேப் டவுன் லெங்காவ் கொத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்துக்கும் சிபியு மணிகள் (செயலியைப் பயன்படுத்தும் நேரம்) ஒதுக்கப்படுகின்றன. பணி ஓட ஓட அதிலிருந்து கழிகிறது. மீதி எவ்வளவு என்பதை ‘இருப்பு’ என்றுதானே சொல்வோம்? அடுத்த பத்தியிலேயே, ஒரு பணி ஓடுவதற்குக் கேட்கும் நேரமான வால்டைமைப் பற்றி ‘வால்டைம் முன்னிருப்பு: 1 மணி’ என்று எழுதினால், டர்பனில் வார இறுதி வகுப்பில் தமிழ் கற்ற பிள்ளைகள் போன மாதத்து மீதி என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

‘இயல்புநிலை’யும் எனக்கு ஒப்பவில்லை. லெங்காவில் பணிகள் காத்திருக்கும் வரிசைகளில் ‘நார்மல்’ என்றே ஒரு வரிசை இருக்கிறது. ‘நார்மல் வரிசையின் இயல்புநிலை’ என்று எழுதிப் பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த மதிப்பு இயல்பாக வந்ததே இல்லை. நிர்வாகி ஒருவர் உட்கார்ந்து வரிசைக்கு வரிசை எழுதி வைத்தது.

இது ஏன் வெறும் சொற்சண்டை இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மாணவி 20 நிமிடம் ஓடும் பணியை அனுப்புகிறாள், வால்டைம் எழுதவில்லை. கொத்தின் பணிகளை நிர்வகிக்கும் மென்பொருளான பிபிஎஸ் முதலில் அந்த வரிசைக்கு நிர்வாகி வைத்த மதிப்பைத் தேடும். இல்லையென்றால் எல்லா வரிசைகளுக்கும் பொதுவாகச் சர்வருக்கு வைத்ததை. அதுவும் இல்லை, வரிசைக்கு 48 மணி உச்சவரம்பு மட்டும் இருக்கிறது என்றால், அந்த 48 மணியே அவள் தலையில் ஏறும். இரண்டு பெரிய பணிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கணுக்கள் (கொத்தில் உள்ள தனித்தனிக் கணினிகள்) சும்மா கிடந்தாலும், எந்தப் பணி எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் அவள் பணியை அங்கே செருகாது, 48 மணி அதில் அடங்காதே! இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான ஸ்லர்மிலும் இதே கதைதான். அங்கே நினைவகமும் சேரும்: நினைவகத்தையும் எண்ணிப் பங்கிடும் கொத்தில் நிர்வாகி அதற்கு எதுவும் வைக்காமல் விட்டால், ஒரே கோர் (செயலியின் ஒரு கரு) கேட்ட பணி கணுவின் நினைவகம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மற்ற கோர்கள் காலியாக இருந்தும் வேறு யாரும் உள்ளே வர முடியாது.

ஆக, பயனர் ஓர் இடத்தை வெற்றாக விடுகிறார், நிர்வாகி வைத்தது அங்கே போய் உட்காருகிறது. ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ எழுதாத தமிழ்ப் பிள்ளை உண்டா? அதனால்தான் ‘நிரப்புமதிப்பு’ என்கிறேன். கையேட்டு வரி இப்படி வரும்:

“வால்டைம் எழுதாவிட்டால் வரிசையின் நிரப்புமதிப்பு கொள்ளப்படும்; அது இல்லையெனில் சர்வரின் நிரப்புமதிப்பு; இரண்டும் இல்லையெனில் வரிசையின் உச்சவரம்பு.”

இதே வரியில் ‘முன்னிருப்பு’ போட்டு வாசித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

> ‘கொடாநிலை’ இருக்கிறதே ஐயா?

நல்ல சொல், நான் மதிக்கும் சொல். ஆனால் பயனர் கொடுக்கவில்லை என்பதோடு அது நின்றுவிடுகிறது. பிறகு யார் கொடுத்தார், எதைக் கொடுத்தார் என்பது அதில் இல்லை. பேச்சில் ‘கொடுக்காத’ என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவர்களுக்குக் ‘கொடா’ விளங்குவதும் கடினம்.

> கணிதத்தில் ‘நிரப்புக்கோணம்’ உண்டு. குழப்பாதா?

குழப்பாது என்றே நினைக்கிறேன். 90 பாகைக்குக் குறைவதை இட்டு நிரப்புவது அது, பொருளும் பகை இல்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. வரிசையின் பெயரையே எழுதாமல் அனுப்பிய பணி போய்ச் சேரும் வரிசையை என்னவென்று சொல்வது? ‘நிரப்பு வரிசை’ என்றால் ஆள் நிரம்பிய வரிசை போல் ஒலிக்கிறது. ‘சேர்வரிசை’ என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் முழு மனம் இல்லை. கையேட்டின் அந்தப் பக்கத்தை உங்கள் பதில்கள் வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
டர்பனிலிருந்து