டெக்சாஸ்ல புள்ளிமானா? மூணு மானையும் எப்படி பிரிச்சுப் பாக்குறது?

அஸ்தம்பட்டிக்காரன்:
எங்க அக்கா வீட்டுக்காரர் டெக்சாஸ்ல இருக்காருங்க, லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போறாரு. நேத்து வாட்ஸ்அப்ல மூணு போட்டோ அனுப்பி எது எந்த மான்னு சொல்லு மாப்ளன்னு கேட்டாரு. ஒண்ணு நம்ம குரும்பப்பட்டி பார்க்குல பாக்குற புள்ளிமானே மாதிரி இருக்கு, அது எப்படிங்க அங்க போச்சு? மத்த ரெண்டும் பழுப்பா ஒரே மாதிரிதான் தெரியுது. கலரை வெச்சு பிரிக்க முடியுமா?

ஆஸ்டின் சேலத்தான்:
அது புள்ளிமானேதாங்க, 1932ல இங்க கொண்டுவந்து விட்டிருக்காங்க, ஆக்சிஸ்னு சொல்லுவாங்க. வெளியூர் மான்ங்கிறதால சீசன் கிடையாது, லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தா வருஷம் பூரா சுடலாம். ஆனா இந்த ஊரு மான் ஒயிட்டெயில், அதாவது வெள்ளைவால் மான், அதுக்கு சீசன் இருக்கு, இத்தனைதான்னு கணக்கும் இருக்கு, மாத்தி சுட்டா கேஸ். ஒயிட்டெயில் குட்டிக்கும் புள்ளி இருக்கும், சில மாசத்துல மறைஞ்சிரும், ஆக்சிஸுக்கு கடைசி வரைக்கும் போகாது.

கலரை நம்பவே நம்பாதீங்க. ஒயிட்டெயில் வெயில் காலத்துல செம்பட்டையா இருக்கும், குளிர் வந்தா சாம்பலாயிடும். வாலைப் பாருங்க. ஒயிட்டெயில் மிரண்டா வாலைத் தூக்கிட்டுதான் ஓடும், அடியில வெள்ளைவெளேர்னு கொடி ஆட்டுற மாதிரி தெரியும். இங்க இருக்குற இன்னொரு மான் மியூல் டியர், அதுக்கு வால் கயிறு மாதிரி மெலிசு, நுனி கருப்பு, காது பெருசு, கோவேறு கழுதை காது, பேரே அதுலதான் வந்துச்சு. அது ஓடுறப்ப நாலு காலும் ஒண்ணா தரையில குத்தி எகிறி எகிறிப் போகும், ஒரு தடவை பாத்தா மறக்காது. டெக்சாஸ்ல அது மேற்குப் பக்கமும் வடக்கே பான்ஹேண்டில் பக்கமும்தான்.

கொம்புன்னா, ஒயிட்டெயிலுக்கு ஒரே தண்டு முன்னாடி வளைஞ்சு வரும், அதுல இருந்து குச்சி குச்சியா மேல கிளம்பும். மியூலுக்கு கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்சு ஒவ்வொண்ணும் மறுபடி ரெண்டா பிரியும்.

ஏற்காடு எஸ்டேட்:
நம்ம பக்கமும் கொம்புதான் கணக்கு, ஆனா அதுலயே ஒரு குழப்பம் இருக்கு. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் ரெண்டுக்குமே பக்கத்துக்கு மூணு கிளைதான், கடமானுக்கு தடியா சொரசொரன்னு இருக்கும், உடம்பும் நல்ல கருமை கலந்த பழுப்பு, கழுத்துல பிடரி மயிர் வேற. ரெண்டும் கொம்பை உதிர்த்துட்டு மறுபடி வளர்க்கும். வெளிமானுக்கு திருகின கொம்பு, கிளையே கிடையாது, உதிராது, ஏன்னா அது மான் சாதியே இல்ல, இரலைன்னு தனி வகை. கேளையாடு சின்னது, நாய் குரைக்கிற மாதிரியே கத்தும்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இப்ப இங்க எந்த மானையும் வேட்டையாடக் கூடாது, காட்டுல உதிர்ந்து கிடக்குற கொம்பை எடுத்து வீட்டுல மாட்டினாலும் வனத்துறை வந்து நிக்கும். உங்க மாமா அந்த புள்ளிமான் கொம்பை ஊருக்கு எடுத்துட்டு வர்ற ஐடியால இருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க.

அஸ்தம்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. பெருசாக்கிப் பாத்தேன், ரெண்டாவது போட்டோல வால் நுனி கருப்பு, கவட்டைக் கொம்பு, அப்போ அது மியூல்தான். மூணாவதுல கொம்பு ஒரே தண்டு, ஒயிட்டெயில். தைப்பொங்கலுக்கு வர்றப்ப கொம்பு கொண்டாறேன்னு நெஜமாவே சொல்லியிருந்தாரு, இப்பதான் போன் போட்டு அங்கயே வெச்சுக்குங்க மாமான்னு சொன்னேன்.