‘சாலட் டிரெஸ்ஸிங்’: வியாழன் காலைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

எழுதியவர்: உணவகப் பாட ஆசிரியை, திருச்சி

குழுவினருக்கு வணக்கம்.

உணவக மேலாண்மை மாணவர்களுக்குத் தமிழில் செய்முறைத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழன் காலை அச்சுக்குப் போகிறது. இந்த வாரப் பாடம் சீசர் சாலட், ஆனால் வெள்ளை பீன்ஸ் வைத்துச் சட்டென்று செய்யும் வகை. வெந்த பீன்ஸில் கால் பங்கை மசித்து, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், பார்மசான் சீஸ், கொஞ்சம் வொர்செஸ்டர்ஷயர் சாஸ் சேர்த்து அடிக்க வேண்டும். இந்தச் சாறுதான் டிரெஸ்ஸிங். பச்சை முட்டை தேவையில்லை, அந்தக் கொழகொழப்பைப் பீன்ஸ் மாவே தந்துவிடும். மீதி பீன்ஸ், கிள்ளிய லெட்டூஸ், மொறுமொறுவென வறுத்த ரொட்டித் துண்டு எல்லாவற்றையும் அதில் புரட்டி எடுத்தால் முடிந்தது. டப்பா பீன்ஸ் இருந்தால் பதினைந்து நிமிட வேலை.

போன வருடத் தாளில் ‘டிரெஸ்ஸிங் செய்யவும்’ என்று அச்சாகியிருந்தது. தமிழ்வழியில் படித்து வந்த ஒரு பெண், கேரட்டை ரோஜாப்பூவாகச் செதுக்கி, இலைகளின் நடுவில் அழகாக வைத்திருந்தாள். இலை உலர்ந்து கிடந்தது. அடித்த சாறு கிண்ணத்தில் அப்படியே இருந்தது. கேட்டால், ‘டிரெஸ் பண்ணணும்னு போட்டிருந்துச்சே மேடம்’ என்றாள். தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அந்தப் பூவைச் செதுக்க அவள் இருபது நிமிடம் செலவழித்திருந்தாள். அது அவள் தப்பு இல்லை, தாளின் தப்பு.

எனவே இரண்டு சொல் வேண்டும். ஒன்று அந்தச் சாறுக்கு, இன்னொன்று அதைச் சேர்த்துப் புரட்டும் வேலைக்கு. ‘சாலட்’ என்ற சொல்லை நான் தொடவில்லை.

---

எழுதியவர்: மதுரைத் தமிழாசிரியர் (பணி நிறைவு)

> ‘சாலட்’ என்ற சொல்லை நான் தொடவில்லை

அம்மா, அதைத் தொடாமல் எப்படி மேலே போவது? லத்தீனில் ‘சால்’ என்றால் உப்பு. உப்பிட்ட இலை என்பதே அந்தச் சொல்லின் மூலம். நம்மிடம் பச்சடி இருக்கிறது. பச்சை என்பதே அதன் அடி என்பது என் துணிபு. ‘அடு’ என்னும் சமைத்தல் வினையை அதன் ஈற்றில் காண்போர் உண்டு. சமைக்காத ஒன்றுக்கு ‘அடு’ எப்படி வரும் என்று அவர்கள்தாம் விளக்க வேண்டும். சமையலறையைக் குறிக்கும் அட்டில் என்ற சொல்லையும் இங்கே இழுப்பார்கள், இழுக்கட்டும்.

இனி நீங்கள் கேட்டது. கலத்தல் பொருளில் ‘விரவு’ என்னும் வினை இருக்கிறது. இருதிணைக்கும் பொதுவான பெயரை விரவுப்பெயர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆகவே ‘விரவுசாறு’. வேலைக்கு ‘விரவுதல்’. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சாறு என்பதற்கு விழா என்ற பொருளும் உண்டு. புறநானூறு 82இல் ‘சாறு தலைக்கொண்டென’ என்று வருவது திருவிழாதான். கன்னடத்தில் சாறு என்றால் நம் ரசம்.

பீன்ஸையும் விட்டுவிடாதீர்கள். அவரை என்று எழுதுங்கள். புறம் 335இல் வரகு, தினை, கொள்ளோடு ‘பொறிகிளர் அவரை’யும் வருகிறது. இந்த நான்கு அல்லாமல் வேறு உணவே இல்லை என்கிறார் மாங்குடி கிழார். ‘வெள்ளவரை’ என்றால் புணர்ச்சியும் சரி, பொருளும் சரி.

---

எழுதியவர்: தாவரவியல் ஆசிரியர், கோவை

> ‘வெள்ளவரை’ என்றால் புணர்ச்சியும் சரி, பொருளும் சரி

ஐயா, புணர்ச்சி சரி, செடி சரியில்லை. மாங்குடி கிழார் பார்த்த அவரை லாப்லாப் இனம், நம் ஊர்ப் பந்தலில் ஏறுவது. இந்தச் சாலட்டில் போடுவது ஃபாசியோலஸ் வல்காரிஸ். அதை மனிதர் பயிராக்கியது மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலைப்பகுதியிலும். கொலம்பஸுக்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கே போனது. சங்கப் புலவர் யாரும் இதைக் கண்ணால் கண்டிருக்க முடியாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. சீசர் சாலட் பிறந்ததும் மெக்சிகோவில்தான். அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலம் அது. எல்லை தாண்டித் திஹுவானாவுக்கு வந்த கூட்டத்துக்காக, 1924இல் சீசர் கார்டினி என்ற இத்தாலியர் தன் உணவகத்தில் செய்தார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பெயர் ரோமப் பேரரசரிடமிருந்து வரவில்லை, சமையற்காரரிடமிருந்து வந்தது. ஆக, பீன்ஸ் சேர்ப்பது அயலானதைக் கொண்டுவந்து ஒட்டுவது அல்ல, அது அந்த மண்ணின் பயிர்.

மாணவர்களிடம் ‘பீன்ஸ்’ என்று மட்டும் சொன்னால் பொரியலுக்கு நறுக்கும் பச்சை பீன்ஸைத்தான் கொண்டுவருவார்கள். ‘வெள்ளை ராஜ்மா’ என்று எழுதுங்கள், இனமும் அதுவே. உலர்ந்ததை எடுத்தால் இரவெல்லாம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு வேகவைக்கச் சொல்லுங்கள். அரைவேக்காட்டில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் வயிற்றைப் புரட்டிவிடும். சொல் பிழையை அடுத்த பதிப்பில் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது.

---

எழுதியவர்: யாழ்ப்பாணத்தவர், டொரன்டோ

அக்கா, எங்களிடம் ‘சலாது’ என்ற சொல் பாட்டி காலத்திலிருந்தே இருக்கிறது. லெட்டூஸைச் ‘சலாது இலை’ என்றுதான் கேட்டு வாங்குவோம். தமிழ்நாட்டில் ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

பீன்ஸ் போட்டதால் ‘சுண்டல்’ என்று யாரும் பெயர் வைத்துவிட வேண்டாம். உங்களுக்குச் சுண்டல் என்றால் கடலை. எங்களுக்குக் கீரையை மெல்லிசாக அரிந்து தேங்காய்ப்பூவோடு வதக்குவதுதான் சுண்டல். தண்ணீர் சுண்டுவதால் இரண்டுக்கும் அந்தப் பெயர். ஒரே சொல் கடலைத் தாண்டியதும் இரண்டு கறியாகிவிட்டது.

---

எழுதியவர்: மதுரைத் தமிழாசிரியர்

சலாது என்று தொல்காப்பியரிடம் எழுதிக் காட்டினால் ஏற்கமாட்டார். சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிரோடு மொழிக்கு முதலாகாது என்பது அவர் விதி. ‘சா’ வரலாம், ‘ச’ வராது. அப்படிப் பார்த்தால் சாலட்டின் தலை சரி, வால்தான் தப்பு: டகர ஒற்றில் தமிழ்ச்சொல் முடியாது. ‘சாலட்டு’ என்றாலாவது தேறும்.

---

எழுதியவர்: யாழ்ப்பாணத்தவர், டொரன்டோ

நன்னூல் அந்தத் தடையை எடுத்துவிட்டதே, ஐயா. சட்டி, சம்பல், சக்கரை எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டுச் சமைப்பது எப்படி? அயற்சொல்லுக்குத் தமிழ் எழுத்து உடுத்தி உள்ளே விடலாம் என்று வடசொல்லுக்கு வழி சொன்னவரும் தொல்காப்பியர்தானே.

---

எழுதியவர்: சமையற்கலைஞர், சென்னை

நான் இலக்கணம் படித்தவன் இல்லை. பதினெட்டு வருடமாக ஓட்டல் அடுக்களையில் நிற்கிறேன். நாங்கள் ஒருவருக்கொருவர் பேசும்போது விரவு என்று யாரும் சொன்னதில்லை. கோழிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ‘பிசறி வை’ என்போம். அவல் பிசறுவோம். பிசைவது வேறு, பிசறுவது வேறு. பிசைந்தால் பொருள் உடையும். பிசறினால் விரல் நுனியால் கீழிருந்து மேலே தூக்கிவிடுவோம், பொருள் முழுசாக இருக்கும், பூச்சு மட்டும் ஒட்டும். சாலட்டுக்கு வேண்டியது அதேதான். லெட்டூஸைப் பிசைந்தால் இரண்டே நிமிடத்தில் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். பீன்ஸ் கூழாகிவிடும்.

அந்தப் பெண்ணிடம் ‘சாறு ஊற்றிப் பிசறு’ என்று சொல்லியிருந்தால் கேரட் பக்கமே போயிருக்க மாட்டாள்.

இன்னொன்று, மேடம். வொர்செஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி இருக்கிறது. புளியும் இருக்கிறது. சைவ மாணவர்கள் இருந்தால் தாளில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். நெத்திலி இல்லாத சாஸும் கடையில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் கொஞ்சம் புளிக்கரைசலும் சோயா சாஸும் போதும்.

---

எழுதியவர்: உணவகப் பாட ஆசிரியை, திருச்சி

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எழுந்து போய்ச் செய்து பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் சாறு, மேலே பீன்ஸ், அதற்கும் மேலே இலை. கையை அடியில் விட்டு நாலு தடவை தூக்கிவிட்டேன். ஒவ்வொரு இலையிலும் மெல்லிய வெள்ளைப் பூச்சு, ஒரு பீன்ஸ்கூட உடையவில்லை. ரொட்டித் துண்டைக் கடைசியில் போட்டதால் மொறுமொறுப்பும் போகவில்லை. இது பிசறல்தான், வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் அந்தச் சாறு? ‘பிசறுசாறு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

---

எழுதியவர்: தாவரவியல் ஆசிரியர், கோவை

வேலைக்குப் ‘பிசறல்’ சரி. ஆனால் ‘பிசறு’ என்று எழுதினால் பாதிப் பேர் ‘பிசிறு’ என்று படிப்பார்கள். துணியில் தொங்கும் நூல் நினைவுக்கு வரும். தவிர, பிசறுவது பெரும்பாலும் தூளையும் மசாலாவையும்தான். இது எண்ணெயும் எலுமிச்சையும் பிரியாமல் கலந்த பால்மம். அறிவியல் நூல்களில் ‘பால்மம்’ நிலைத்த சொல். ‘பால்மச்சாறு’ என்றால் ஏன் அடிக்கிறோம் என்பதும் மாணவருக்குப் புரியும்.

---

எழுதியவர்: யாழ்ப்பாணத்தவர், டொரன்டோ

பால்மம் என்று தாளில் பார்த்தால் பிள்ளைகள் பால் ஊற்றிவிடுவார்கள். போன வருடம் பூ வந்தது, இந்த வருடம் பால் வரும்.

எங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் ‘பிரட்டு’ என்போம், மீனுக்கு உப்பும் மஞ்சளும் பிரட்டி வைப்போம். ஆனால் பிரட்டல் என்று பெயராக்கினால் அது குழம்பு வற்றிய கறியாகிவிடும். அதனால் நானும் பிசறுசாறுக்கே வருகிறேன். சலாதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

---

எழுதியவர்: உணவகப் பாட ஆசிரியை, திருச்சி

எல்லோருக்கும் நன்றி. மணி பதினொன்று, காலையில் அச்சுக்கூடத்தில் கொடுக்க வேண்டும். தாளில் இப்படிப் போடுகிறேன்: தலைப்பு ‘வெள்ளை ராஜ்மா சீசர் சாலட்’. முதல் இடத்தில் ‘பிசறுசாறு என்னும் டிரெஸ்ஸிங்’, அதன் பிறகு பிசறுசாறு மட்டும். வேலைக்குப் ‘பிசறவும்’. நெத்திலிக் குறிப்பு, பத்து நிமிடக் கொதி இரண்டும் தடித்த எழுத்தில்.

பச்சடி என்று போடாததற்கு ஒரே காரணம், ஐயா: மாணவர்கள் தயிரைத் தேடுவார்கள்.

---

எழுதியவர்: மதுரைத் தமிழாசிரியர்

என் மாறுபாட்டைப் பதிந்துகொள்ளுங்கள். தயிர் இல்லாத மாங்காய்ப் பச்சடியைத் தமிழ்ப் புத்தாண்டன்று எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் தயிரைத் தேடமாட்டார்கள். விரவுசாறும் ஒரு தலைமுறை புழங்கினால் பழகிவிடும். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.

ஆனால் பிசறுசாறு என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அது வினைத்தொகை, ஊறுகாய் போல. பிசறிய, பிசறுகின்ற, பிசறும் சாறு என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. அச்சுக்கோப்பவர் நடுவில் ஓர் ஒற்றைப் போட்டுப் ‘பிசறுச்சாறு’ ஆக்கிவிடுவார். காலையில் நீங்களே போய் நின்று மெய்ப்புப் பாருங்கள்.